ஒரம்பரைக் காடு

எங்கள் ஊரான ஊஞ்சமரத்தூரில் காடு என்றால் இரண்டு. மழையை நம்பி உழுது விதைக்கிற நிலமும் காடுதான். அதற்கு மேற்கே மலைச்சரிவில் யாரும் உழாமல் யாரும் விதைக்காமல் தானாகவே நிற்பதும் காடுதான். 'காட்டுக்குப் போறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் தோளில் மண்வெட்டி இருக்கிறதா வெறுந்தோளா என்று பார்த்து எந்தக் காடு என்று தெரிந்துகொள்வோம். இந்த இரண்டு காட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு காடு முளைத்ததையும், அதன் வரப்பில் மலையிலிருந்து இறங்கி வந்த பன்றியும் மானும் மயிலும் முள்ளம்பன்றியும் ஒரு யானையும் பந்திக்கு உட்காருவதுபோல வரிசையாக உட்கார்ந்து, யாராவது 'வாங்க' என்று சொல்லட்டும் என்று காத்திருந்ததையும், அவை காத்திருந்த நாட்களில் ஏழேகால் பேருந்து வழக்கம்போல எட்டு மணிக்கு வந்ததையும், ரேஷன் கடையில் வழக்கம்போல பாமாயில் இன்னும் வரவில்லை என்று சொன்னதையும் நான் பார்த்தபடியே எழுதுகிறேன். பார்க்காததை இன்னார் சொன்னார் என்று எழுதிவிடுகிறேன்.

நான் மோகனப்பிரியா. விலங்கியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், நான் படித்தது என்ன என்று வீட்டில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அம்மா ருக்குமணி கேட்பவர்களிடமெல்லாம் "மிருகத்தப் பத்திப் படிச்சிருக்குது" என்பாள். கேட்டவர்கள் "அப்ப மாட்டாஸ்பத்திரியில வேல கெடைக்குமே" என்பார்கள். கிடைக்காது என்று சொல்லச் சங்கடப்பட்டு நான் "பாக்கலாங்" என்பேன். கடைசியில் டவுனில் இருக்கிற ஒரு வனப் பாதுகாப்பு அமைப்பில் ஒரு வருட ஒப்பந்தத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலத்தில் சோளமும் கம்பும் விதைத்து, அறுக்காமல், காவல் காக்காமல், விலங்குகளுக்கென்றே விட்டுவிட வேண்டும். வயிறு அங்கேயே நிறைந்துவிட்டால் அவை விவசாயிகளின் காட்டுக்குள் இறங்கமாட்டா. இதுதான் திட்டம். திட்ட அலுவலர் சாம் ஜெபக்குமார் சார் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம் அதிகம்.

"கதிர் முத்தி உதிர்றதுக்குள்ள விலங்குகள் இதுல மேயணும் மோகனப்பிரியா" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "மேஞ்சா திட்டமும் தொடரும், உங்க வேலையும் தொடரும். மேயலேன்னா தை மாசத்தோட மூடிருவாங்க. என் கையில இல்ல."

ஊரில் யாரும் நிலம் தர முன்வரவில்லை. டீக்கடை குப்பாத்தா அக்கா, "ஏம்புள்ள, திருடனுக்குத் தனியா ஒரு பொட்டி வெச்சுட்டா வீட்டுப் பொட்டியத் தொடமாட்டானா?" என்று கேட்டாள். அப்பா சென்னியப்பன்தான் கடைசியில், மலையை ஒட்டியிருந்த தன் காட்டை அந்தப் பருவத்துக்கு விட்டுக்கொடுத்தார். "படிக்க வெச்சது நானு. வெதைக்கறதுக்கு வேற எவன் வருவான்" என்றார். 'விலங்குகளுக்கான பயிர்' என்று நான் வரப்பில் ஒரு போர்டு நட்டேன், பேப்பரிலும் போட்டார்கள்.

ஆடி மழைக்கு உழுது, ஆவணியில் சோளத்தையும் கம்பையும் கலந்து விதைத்தார். முயலுக்காக ஓரத்தில் தட்டப்பயிறு ஊன்றினார். விலங்குகளுக்குத்தானே என்று ஏனோதானோவென்று செய்யவில்லை. களை எடுத்தார், நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்துவிட்டார், மழை தள்ளிப்போனபோது வானத்தைப் பார்த்து வழக்கமான வசவுகளையே திட்டினார். ஒரே ஒரு சிக்கல். கம்பு கதிர் தள்ளியதும் கிளிகள் வந்தன, கிளியைக் கண்டதும் அப்பாவின் வாய் தானாகத் திறந்து "ஓய்... போ... போ!" என்று மலை எதிரொலிக்கக் கத்தியது.

"அப்பா, இது அவிகளுக்குத்தான்" என்றேன்.

"தெரியுது சாமி. வாய் கேக்கமாட்டீங்குதே" என்று அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் காட்டுக்குத் தெற்கே, ஒரே வரப்பு இடைவெளியில், பெரியப்பா ராக்கியண்ணனின் மக்காச்சோளக் காடு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குக் காரணம் நான் பட்டம் வாங்கியது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற விருந்தாளியை ஒரம்பரை என்போம். ஒரம்பரை வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்க வேண்டும்; வரவேற்பதை எங்கள் ஊரில் கேட்பது என்றுதான் சொல்வோம். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 'வர்றனுங்' என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் கேட்டு நாலாவது ஆள் கேட்காமல் விட்டால் அந்த மூன்றும் கணக்கில் சேராது. இப்படி ஒரு 'வாங்க' குறைந்ததால் நின்றுபோன கல்யாணமும், பங்கு பிரிந்த கிணறும், பாதியில் திரும்பிப்போன சீர்வரிசையும் எங்கள் ஊரில் உண்டு. நான் பட்டம் வாங்கியதற்கு அப்பா கிடா வெட்டி, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் திருதிருவென விழிக்கிற படத்தைப் பெரிய பேனராக அடித்து, பந்தல் போட்டு விருந்து வைத்தார். பெரியப்பா வெளுத்த வேட்டியோடு பந்தல் வாசல்வரை வந்தார். அப்பா ஒரு கையில் குழம்பு வாளியும் மறுகையில் கரண்டியுமாக அவர் முன்னாலேயே கடந்துபோனார். பெரியப்பா ஒரு நிமிடம் நின்று பேனரில் என் படத்தைப் பார்த்தார், வந்த வழியே திரும்பிவிட்டார்.

"நான் வாங்கன்னு சொன்னேன், அவருக்குக் காதுல விழுகல" என்பது அப்பாவின் கட்சி. "சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே, எனக்கென்ன காது செவுடா" என்பது பெரியப்பாவின் கட்சி. அவர் காது உண்மையிலேயே கொஞ்சம் செவிடு என்பதால் வழக்கு முடியவே இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள்; கிண்ணத்துக்கு யாரும் வாங்க சொல்ல வேண்டியதில்லை. எனக்கோ அன்றிலிருந்து ஒரு நடுக்கம் பிடித்துக்கொண்டது. யாருக்காவது வாங்க சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், மின்சாரக் கணக்கெடுக்க வந்தவருக்கும் வாங்க, நான் ஏறுகிற பேருந்தின் நடத்துநருக்கும் வாங்க, ஃபோனை எடுத்தால் ஹலோவுக்குப் பதிலாக வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் கம்பு முற்றி, சோளம் பால் பிடித்தது. ஒரு சாயங்காலம், வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும், முதலில் பன்றிகள் வந்தன. ஒரு கிழட்டுத் தாய்ப்பன்றி முன்னால், குட்டிகள் பின்னால். அவை வரப்புவரை வந்து, கம்பங்கதிரை ஏறிட்டுப் பார்த்து, பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தன. அடுத்ததாகப் புள்ளிமான்கள் வந்து பன்றிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தன. மயில்கள் தோகையை மடித்துப் பக்கத்து ஆள்மேல் படாதபடி வைத்துக்கொண்டன. முயல்கள், முள்ளம்பன்றிகள், கடமான் ஜோடி ஒன்று, வரிசையின் கடைசியில் ஒற்றை யானை. ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல், அதே சமயம் நடுவில் வீணாக இடம் விடாமல், பந்தியில் பழகியவர்கள் உட்காருவதுபோலவே உட்கார்ந்தன. பன்றிக்குட்டிகள் எட்டிப் பார்த்தபோது தாய் மூக்கால் இடித்து நேராக உட்கார வைத்தது. எதிரே கதிர் தலைசாய்த்து நின்றது. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் எல்லாம் பெருமூச்சுவிட்டு எழுந்து, எங்கள் காட்டை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய், பெரியப்பாவின் மக்காச்சோளத்துக்குள் இறங்கி முறித்துத் தின்றுவிட்டுப் போயின.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்துக்கொண்டது, ஆனால் ஊர்வழக்கில் எடுத்துக்கொண்டது. மிருகங்கள் எப்படி உட்காரும் என்று யாரும் கேட்கவில்லை. எந்த உறவுமுறையில் உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் கேட்டார்கள். பேச்சுவாக்கில் பன்றி பங்காளி என்று முடிவானது, ஏனென்றால் நம் நிலத்தில் பங்கு கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. வரிசைக்கு வராத குரங்கு மச்சான், ஏனென்றால் என்ன செய்தாலும் அடிக்க முடியாது. யானை சம்பந்தி, ஒருமுறை கோபித்துக்கொண்டு போனால் கூரையைப் பிரித்துவிட்டுத்தான் சமாதானம் ஆகும். குப்பாத்தா அக்கா சாயங்காலக் கடையை எங்கள் வரப்புக்கே தூக்கி வந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போண்டாவைப் பிட்டுக்கொண்டே யானை எந்த ஊர்ச் சம்பந்தி என்று விவாதித்தார்கள். பஞ்சாயத்தில் 'வருக வருக' என்று ஒரு பேனர் கட்டினார்கள். மிருகங்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருவர் இலை போடவில்லை என்ற வருத்தமாக இருக்கும் என்று வாழையிலையை நீளத்துக்கு விரித்தார்; யானை மட்டும் இலையைத் தின்றது.

சார் ஃபோனில் கேட்டார்: "மரத்துல கட்டின கேமராவுல படமெல்லாம் பாத்தேன். எல்லாமே உட்கார்ந்திருக்கு. ஏன் மேயல?"

"வாங்க சார்" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "தெரியலீங் சார்" என்றேன்.

"உட்காரட்டும், அதைப் பத்தி நமக்கொண்ணும் இல்ல. ஆனா அறிக்கை எழுதற எடத்துல மேய்ச்சல்னு ஒரு கட்டம், காலடித்தடம்னு ஒரு கட்டம், எச்சம்னு ஒரு கட்டம் இருக்குது. உட்கார்றதுக்குக் கட்டமே இல்லியே" என்று அவர் கவலைப்பட்டார். "வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

அந்த வாரம் பெரியப்பா டீக்கடைக்கு முன்னால் நின்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "என்ற தம்பி மகளோட திட்டம், என்ற காட்டுல மேயுது. வெள்ளிக்கிழம அந்த ஆபீசர் வரட்டும். ஒரு முடிவு சொல்லலீன்னா, வேலிக் கம்பியில கரண்ட வுட்டுருவேன். செத்தது சாகட்டும்."

முந்தின கோடையில் பக்கத்து ஊரில் அப்படி ஒரு கம்பியில் ஒரு யானை கிடந்ததை எல்லோரும் போய்ப் பார்த்திருந்தோம். எனக்கு வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வரிசையில் ஒன்று குறைந்தால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கேமராவைப் பார்க்கப் போனேன். வரிசை உட்கார்ந்திருந்தது. கிழட்டுத் தாய்ப்பன்றி என்னைத் தலைதூக்கிப் பார்த்தது. கண் நேருக்கு நேர் பட்டதும், பழக்கதோஷம், என் வாயிலிருந்து "வாங்க" வந்துவிட்டது.

பன்றி எழுந்தது. காதை உதறி, உடம்பில் ஒட்டிய மண்ணைக் குலுக்கி, வரப்பைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்து, ஒரு கம்பந்தட்டைச் சாய்த்து, கதிரைத் தின்றது.

பக்கத்தில் இருந்த மானுக்கும் வாங்க என்றேன். அது எழுந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு முயலைச் சின்னதாக இருக்கிறதே என்று "வா" என்றேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மன்னிச்சுக்குங்க, வாங்க" என்றதும் வந்தது. கடைசியில் யானையிடம் நின்று, சம்பந்தி என்பதால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க" என்றேன். எல்லாம் உள்ளே போயின. எனக்கு அழுகை வந்தது. ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஆளுக்கு ஒரு வாய். ஒன்றே ஒன்று. தின்றுவிட்டுத் திரும்பவும் வரப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டன.

டீக்கடையில் இதைச் சொன்னபோது குப்பாத்தா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பைத்தியமே! கட்டிக்குடுத்துப் போற புள்ள கேட்டா, கேட்ட மொகத்துக்காக ஒரு வாய் நனைப்பாங்க. உங்கப்பன் கேட்டானா? வீட்டுக்காரன் கேக்காத விருந்துல எவ உக்காந்து திம்பா?"

"அப்ப பெரியப்பா காட்டுல மட்டும் யாரு கேட்டாங்க?"

"திருடப் போறவன் அழைப்புக் கேப்பானா? விருந்துக்கு வந்தவன்தான் கேப்பான். போர்டு வெச்சு, பேப்பர்ல போட்டு, உங்களுக்குத்தான் உங்களுக்குத்தான்னு நீதான் அவிகள ஒரம்பரை ஆக்கிவுட்ட. இனிப் பேசி என்ன? நாப்பது வருசமா அந்த வாய் போ போன்னு சொல்லியிருக்குது. ஒருக்கா வாங்கன்னு சொல்லட்டும்."

கூட்டம் முழுக்க இதை ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்துதான் அதற்கு ஒரம்பரைக் காடு என்று பெயர்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவ எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார்.

"சொல்லலாஞ் சாமி. சொல்றதுக்கென்ன. ஆனா கூடப் பொறந்தவனை வாங்கன்னு கேக்காத வாயி, பன்னிய வாங்கன்னு கேட்டா ஊரு என்ன சொல்லும்? அண்ணனை உட்டுப்போட்டுப் பன்னியக் கூப்புட்டான்னு என்ற பேரப்புள்ள காலத்துக்கும் சொல்லுவாங்க."

"அப்ப மொதல்ல பெரியப்பாவக் கூப்புடுங்க."

"பன்னியக் கூப்புடறதுக்காக அண்ணனைக் கூப்புட்டான்னு சொல்லுவாங்க" என்றார் அப்பா.

இந்தப் பேச்சு வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணத்தோடு பெரியம்மாவிடம் போனது. திரும்பி வந்த கிண்ணத்தோடு பெரியப்பாவின் பதிலும் வந்தது: "பன்னிக்கு முன்னால என்னையக் கூப்புட்டாலும் மரியாதையில்ல. பன்னிக்குப் பின்னால கூப்புட்டாலும் மரியாதையில்ல. நான் கரண்டு மேஸ்திரியப் பாக்கப் போறேன்." அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "பன்னிகூடவே சேத்திக் கூப்புட்டா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள். அப்போது நான் அதைச் சிரிப்புக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கம்பு ஒன்றிரண்டாய் உதிர ஆரம்பித்திருந்தது. மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன சார், ஜீப் வழியில் நின்றுவிட்டதால் வரவில்லை. பெரியப்பா மட்டும் சரியாக வந்துவிட்டார், அதே வெளுத்த வேட்டி, கக்கத்தில் சுருட்டிய புதுக் கம்பி. அப்பா காட்டின் நடுவில், கம்புக்குள் மறைந்தும் மறையாமலும், எதையோ பிடுங்குவதுபோலக் குனிந்திருந்தார். அங்கே பிடுங்குவதற்கு ஒரு களையும் கிடையாது. ஊர் முழுக்க வரப்போரத்து ஊஞ்சமர நிழலில் டீயோடு உட்கார்ந்திருந்தது. வெயில் சாய்ந்ததும் வரிசை வந்து உட்கார்ந்தது.

பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. ஊர்க்கூட்டத்தோடு போய் உட்காருவது அவருக்குக் கௌரவக் குறைச்சல், தம்பி காட்டுக்குள் கால் வைப்பது அதைவிடக் குறைச்சல். நின்று பார்த்தார், காலை மாற்றிப் பார்த்தார், கம்பியைக் கீழே வைத்துப் பார்த்தார். அப்போது, பந்தியில் வயசானவர் நிற்பதைக் கண்டால் நகர்ந்து இடம் விடுவார்களே, அதுபோல, கடமான் இந்தப் பக்கமும் முள்ளம்பன்றி முள்ளைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கமும் நகர, வரப்பில் ஒரு ஆள் உட்காருகிற இடம் உண்டானது. பெரியப்பா யாரையும் பார்க்காமல் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் சார் வந்துசேர்ந்தார். ஜீப்பைத் தள்ளி வந்ததில் சட்டை நனைந்திருந்தது. வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நடுவுல உட்கார்ந்திருக்கறது யாரு?"

"எங்க பெரியப்பாங் சார்."

"மேயுமா?" என்றார், உடனே, "மேயுமான்னு மத்ததக் கேட்டேன்" என்று திருத்திக்கொண்டார்.

நான் கம்புக்குள் ஓடினேன். "அப்பா, கம்பு உதிருது. இன்னிக்கு இல்லீன்னா இல்ல. அவர் பக்கத்துல கம்பி கெடக்குது பாருங்க." அப்பா நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். அதில் தன் அண்ணனைப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, உதறி, இடுப்பில் கட்டிக்கொண்டார். விருந்தில் குழம்பு வாளி தூக்குவதற்கு முன் அப்படித்தான் கட்டுவார்.

வரிசையின் முதலில் கிழட்டுத் தாய்ப்பன்றி. அப்பா அதன் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். "போ..." என்று வந்தது. அப்பா வாயை மூடி, எச்சில் விழுங்கி, இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க" என்றார்.

பன்றி தலையை ஆட்டியது, எழவில்லை. அடுத்து மான். "வாங்க." அதுவும் தலையை ஆட்டி உட்கார்ந்தபடியே இருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்காரர் கேட்கிற பந்தியில் கடைசி ஆளைக் கேட்டு முடிக்கிறவரை முதல் ஆள் கை வைக்கமாட்டார். மயிலுக்கு வாங்க, குட்டிகளுக்குத் தனித்தனியாக வாங்க, முயலுக்கு வாங்க, யானைக்கு "வாங்க சம்பந்தி" என்று இரண்டு முறை. நடுவில் ஒரு இடத்தை மட்டும், கடமானுக்கும் முள்ளம்பன்றிக்கும் இடையில் இருந்ததை, அப்பாவின் கால் தாண்டிப் போய்விட்டிருந்தது.

யாரும் எழவில்லை. யானை தும்பிக்கையால் பெருமூச்சு விட்டது. தாய்ப்பன்றி கழுத்தை நீட்டி, வரிசை நெடுகப் பார்த்து, பெரியப்பா இருந்த இடத்தில் பார்வையை நிறுத்தியது. மானும் பார்த்தது. மயில்களும் பார்த்தன. ஊரும் பார்த்தது. ஏன் என்று தெரியாமலே சாரும் பார்த்தார்.

அப்பா திரும்பி நடந்தார். பெரியப்பா எதிரே இருந்த கம்பங்கதிரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா" என்றார் அப்பா.

பெரியப்பா அசையவில்லை. "என்னமோ சத்தம் கேட்டுது" என்று கடமானைப் பார்த்துச் சொன்னார்.

"வாங்கண்ணா!" என்று அப்பா கத்தினார். நாற்பது வருடம் கிளி ஓட்டிய அதே குரல். மலை அதை வாங்கி, "வாங்கண்ணா, வாங்கண்ணா" என்று திருப்பிச் சொன்னது. செவிடருக்கும் கேட்காமல் போக வழியில்லை. ஊரே சாட்சி.

"ம்... வர்றேன்" என்றார் பெரியப்பா.

அவ்வளவுதான். வரிசை மொத்தமாக எழுந்தது. சோளத்தட்டு முறிகிற சத்தமும் கதிர் உருவுகிற சத்தமும் மழை பெய்கிறதுபோல எழுந்தது. சார் பேனாவைத் தேடி, கிடைக்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு "மேய்ச்சல்! மேய்ச்சல்!" என்றார். அப்பா ஒரு கம்பங்கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதி, மணியை மட்டும் பெரியப்பாவின் கையில் கொட்டினார். பெரியப்பாவுக்குக் கடைவாய்ப் பற்கள் கிடையாது. ஒவ்வொரு மணியாக முன்பல்லில் வைத்து மென்றார். மற்றவர்களெல்லாம் தின்று முடித்து வாயை நக்கிக்கொண்டார்கள். ஆனால் பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்து போவது அவமரியாதை. ஆகவே யானை உட்பட அத்தனையும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பெரியப்பா மென்று முடிக்கட்டும் என்று காத்திருந்தன.

"நல்லா முத்தியிருக்குது" என்றார் பெரியப்பா கடைசியில். "வெதை எங்க வாங்குன?"

அவர் எழுந்தார். விலங்குகளும் எழுந்தன. ஆனால் யாரும் போகவில்லை. அப்பா விழித்தார். நான் அவர் முதுகைத் தொட்டு, "அனுப்பி வெக்கோணுமில்லீங்ப்பா" என்றேன். அப்பா கைகூப்பி, எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார். போ என்று ஆரம்பித்து அந்த வாய் வேறொன்றாக முடித்ததை நான் கேட்டது அன்றுதான். விலங்குகள் மலைப்பக்கம் திரும்பி நடந்தன. மக்காச்சோளப் பக்கம் ஒன்றும் போகவில்லை. வாங்க என்று கேட்ட குடும்பத்தில் எப்படித் திருடுவது.

சார் என்னிடம், "அடுத்த வருசத்துக்கு வெதை எவ்வளவு வேணும்னு யோசிச்சு வைங்க மோகனப்பிரியா" என்றார். சத்தமில்லாத அதே குரல்தான். எனக்கு அதில் பயம் வரவில்லை.

பெரியப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். கம்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்து, பிறகு என்னவோ நினைத்து, அதை வரப்பிலேயே போட்டார். "அப்ப நானும் போயிட்டு வர்றேன்" என்றார், போகாமல்.

"உங்கள யாரு போகச் சொன்னாங்க?" என்றார் அப்பா. இருந்த சந்தோஷத்தில், மலை கேட்கிற அந்தக் குரலிலேயே சொன்னார்: "ஊட்டுக்கு வாங்க! சோறு இருக்குது!"

யாரை என்று பேர் சொல்லவில்லை. அதுதான் தவறு.

மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்த வரிசை நின்றது. திரும்பியது.

அம்மா வாசலில் நின்று பார்த்ததைத்தான் இனிச் சொல்ல வேண்டும். முன்னால் அப்பாவும் பெரியப்பாவும் விதையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் நானும், ஈரச் சட்டையோடு சாரும். அவருக்குப் பின்னால் கிழட்டுத் தாய்ப்பன்றி, குட்டிகள், மான்கள், மயில்கள், முயல்கள், முள்ளம்பன்றிகள், கடமான் ஜோடி. தெருவிளக்கில் தலை இடிக்காமல் குனிந்தபடி யானை. அம்மா ஒரு நிமிடம் பார்த்தாள். முந்தானையை உதறித் தோளில் போட்டாள். பெரியப்பாவிலிருந்து தொடங்கி, ஒருவரையும் விடாமல், தனித்தனியாக, வாங்க, வாங்க, வாங்க என்று கேட்டு முடித்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"உங்கப்பனுக்கு என்னிக்குத்தான் எத்தன பேருன்னு முன்கூட்டியே சொல்லத் தெரியும்? போ, பெரியம்மாகிட்டப் பெரிய அண்டாவ வாங்கிட்டு வா."